கயிற்றுவழிப் பணியும் அதன் முதற்படிக் கல்வியும்

ஓரிடத்தை அடைவதற்கும், அங்கே நிலைகொண்டு தொழில் செய்வதற்கும், செய்து முடித்தபின் மீள்வதற்கும் கயிற்றையே முதன்மை வழியாகக் கொண்ட தொழில்முறை கயிற்றுவழிப் பணி எனப்படும். சாரம் ஊன்ற நிலமில்லாத கடற்பாறையும், சாரம் கட்டும் நாள்களே வேலை நாள்களை விஞ்சிவிடும் கண்ணாடிச் சுவரும், ஏணி எட்டாத காற்றாலைச் சிறகும் இதன் களங்கள். பணிக்களத்தார் ‘ரோப் ஆக்சஸ்’ என வழங்கும் இத்துறையின் கருவிகளையும் செயல்களையும் தமிழில் சொல்லுதல் அரிதன்று. கயிற்றையும் உடலையும் உற்று நோக்கினால் பெயர்கள் தாமே அமைகின்றன.

கயிற்றால் நிகழும் தொழில்களைப் பொருளை நகர்த்துவன, ஆளை நகர்த்துவன என இரண்டாகப் பகுக்கலாம். முன்னதில் கேரளக் கரை நெடுங்காலமாகத் தேர்ந்தது. பேப்பூர்க் கலாசிகள் மரக்கலங்களை நீரில் இறக்கவும் கரையேற்றவும் வடத்தையும் கப்பியையும் உருளையையுமே நம்பி வந்தவர்கள். 1988 சூலையில் கொல்லத்தை அடுத்த பெருமண் பாலத்தில் ஐலண்டு விரைவுத் தொடர்வண்டி தடம்புரண்டு அட்டமுடிக் காயலில் வீழ்ந்தபோது, மூழ்கிய பெட்டிகளை மீட்கும் பணியில் அவர்தம் வடத்திறன் துணைநின்றது. பின்னதில் மலையேறுவோர், குகை புகுவோர், தொழில் செய்வோர் என மூவர் அடங்குவர். மலையேறுவோன் கையும் காலும் பாறையைப் பற்ற, அவன் வீழ்ந்தாலன்றிக் கயிற்றுக்கு வேலை இல்லை. குகை புகுவோன் கயிற்றிலேயே ஏறி இறங்குகிறான். ஆயினும் அவனைத் தாங்குவது ஒற்றைக் கயிறே. தொழில் செய்வோனுக்கு மட்டும் எந்நேரமும் இரண்டு கயிறுகள் வேண்டும் என்பது நெறி.

இத்தொழில்முறை குகை புகுவோரின் கலையிலிருந்து கிளைத்தது. 1980களில் வடகடலின் எண்ணெய்க் கிணற்று மேடைகளைப் பேணும் தேவை எழுந்தபோது, பிரித்தானியக் குகை வல்லுநரும் மலையேறிகளும் தம் கயிற்றுக்கலையைத் தொழிற்களத்துக்குக் கொணர்ந்தனர். அப்பத்தாண்டின் இறுதியில் அங்குள்ள நிறுவனங்கள் கூடி ‘ஐராட்டா’ எனச் சுருங்க வழங்கும் தொழிற்கூட்டமைப்பை அமைத்தன. அது வகுத்த மூன்று படிகள் இன்று உலகின் பல நாடுகளில் ஏற்கப்படுகின்றன. முதற்படியினர் மேற்பார்வையின்கீழ்க் குறித்த வேலைகளைச் செய்வோர். இரண்டாம் படியினர் கயிறுகளை நிறுவவும் சிக்கலான மீட்பு நடத்தவும் வல்லோர். மூன்றாம் படியினர் களம் முழுமைக்கும் பொறுப்பேற்போர். ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு உயரக் குறைந்தது 12 திங்களும், கயிற்றில் கழித்த 1,000 மணி நேரமும் தேவை.

திருவனந்தபுரத்தைச் சூழ்ந்துள்ள நிலம் இத்தொழிலுக்கு எழுதி வைத்தாற்போன்றது. 1990இல் தோன்றிய டெக்னோபார்க்கின் கண்ணாடிக் கட்டடங்கள் வடக்கே கழக்கூட்டத்தில் நிற்கின்றன. ஆய் வேளிரின் பழந்துறையாகிய விழிஞத்தில், 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்ட துறைமுகத்தின் பளுதூக்கிகள் கடலை நோக்கிக் கை நீட்டுகின்றன. தெற்கே நாகர்கோவிலைக் கடந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி முப்பந்தல் காற்றாலைக் காடு. இவற்றுக்கும் அப்பால், வளைகுடா நாடுகளின் எண்ணெய் மேடைகளை எண்ணியே இக்கல்வியை நாடும் இளைஞர் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் உண்டு.

முதற்படிக் கல்விக்குப் பதினெட்டு அகவை நிரம்பியிருத்தல் வேண்டும். குறைந்தது நான்கு நாள் பயிற்சி, ஐந்தாம் நாள் தேர்வு. நான்கு நாளில் ஒரு தொழிலைக் கற்கவியலுமா என வினவுவோர்க்கு விடை எளிது: இயலாது. அந்நாள்களில் கற்பிக்கப்படுவது ஒரே மெய்ம்மை. எந்த ஒரு பொருளையும் எந்த ஓர் ஆளையும் மட்டும் நம்பி உயிர் தொங்கலாகாது என்பதே அது. மற்றவை யாவும் அதன் விரிவுகள்.

பணிக்கயிறு ஆளின் எடையைத் தாங்குகிறது. காப்புக்கயிறு எடையின்றி அருகே தொங்குகிறது. இரண்டும் தனித்தனிப் பிணைப்பிடங்களைச் சார்ந்தவை. ‘ஹார்னஸ்’ எனப்படும் உடற்கச்சையிலிருந்து ஓர் இறங்குகருவி பணிக்கயிற்றோடும், ஒரு விழுதடுப்பி காப்புக்கயிற்றோடும் இணைகின்றன. பணிக்கயிறு அறுந்தாலும், இறங்குகருவி பழுதுற்றாலும், கை தவறினாலும் விழுதடுப்பி காப்புக்கயிற்றைக் கவ்வும். ஒரு பிழை நேர்ந்தால் ஆள் பிழைக்கிறான். இரு பிழைகள் ஒருங்கே நேர்ந்தால்தான் இடர். அவ்விரண்டும் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும் என்பதே அமைப்பின் உயிர்நாடி. ஒரே கூரிய விளிம்பில் இரு கயிறுகளையும் உரசவிட்டவன் இரண்டு கயிறு கட்டியவனாகான்.

கயிற்றின் இயல்பும் அறியத்தக்கது. எடை தாங்கும் உட்புரிகளை நெய்த மேலுறை ஒன்று மூடிக் காப்பதால் இதனை உறைக்கயிறு எனலாம். ஐரோப்பியத் தரப்படி இதன் முதல்வகைக் கயிறு 22 கிலோநியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும். அஃதாவது ஏறத்தாழ 2,200 கிலோ எடை. தொங்கும் சுமை 50 கிலோவிலிருந்து 150 கிலோவாக உயரும்போது நீட்சி 5 விழுக்காட்டைக் கடத்தலாகாது. எனினும் முடிச்சிட்ட இடத்தில் வலிமையின் ஒரு கூறு குறைந்துபோகும். நைலான் ஆயின் காடி பட்டு நலியும், வெயிலில் முதுமையுறும். ஆதலின் கயிற்றைக் கைகளுக்கிடையே அங்குலம் அங்குலமாக ஓடவிட்டு நோட்டமிடுவதே ஒவ்வொரு நாளின் முதல் வேலை.

வீழ்ச்சியை அளக்கும் முறை இக்கல்வியின் அழகிய கூறு. வீழ்ந்த தொலைவை, வீழ்ச்சியைத் தாங்கும் கயிற்றின் நீளத்தால் வகுத்துப் பெறும் எண்ணை வீழ்ச்சியெண் என்போம். ஒரு மீட்டர்க் கயிற்றால் பிணைந்தவன் பிணைப்பிடத்தின் மட்டத்திலிருந்து வீழ்ந்தால் வீழ்ச்சியெண் 1. அதற்கு ஒரு மீட்டர் மேலிருந்து வீழ்ந்தால் 2. பிணைப்பிடம் தலைக்கு மேலிருந்து கயிறு தளராதிருந்தால் ஏறக்குறைய சுழி. உடலைத் தாக்கும் விசையைப் பெரிதும் முடிவுசெய்வது வீழ்ந்த தொலைவன்று, இவ்வெண்ணே. அதிர்ச்சியை உள்வாங்கும் இடைத்தாங்கியில்லாத குறுவடத்தில் நேரும் ஒரு மீட்டர் வீழ்ச்சி, நெடுங்கயிற்றில் நேரும் பல மீட்டர் வீழ்ச்சியைவிடக் கொடிதாகலாம். உடலுக்குச் செல்லும் விசையை 6 கிலோநியூட்டனுக்குள் அடக்குமாறு தாங்குகருவிகள் செய்யப்படுவதும் இக்கணக்கினாலேயே.

இருபுறப் பிணைப்பிலும் இத்தகைய ஒழுங்கு உண்டு. எடையை இரு பிணைப்பிடங்களுக்குப் பகிரும்போது, கயிற்றுக் கிளைகள் ஏறத்தாழ இணையாக நின்றால் ஒவ்வொன்றும் பாதியைத் தாங்கும். இடைக்கோணம் 90 பாகையானால் ஒவ்வொன்றின்மீதும் எடையின் 71 விழுக்காடு. 120 பாகையில் ஒவ்வொன்றின்மீதும் முழு எடை. 150 பாகையில் ஏறத்தாழ இருமடங்கு. பகிர்ந்துகொள்ளக் கட்டிய கயிறு, கோணம் விரிந்ததும் சுமையைப் பெருக்கும் கயிறாக மாறிவிடுகிறது. பள்ளியில் முக்கோணவியலைப் பயனற்றதென வெறுத்தவன் இங்கே அதனைத் தன் உடலெடையால் உணர்கிறான்.

செயற்பயிற்சி ஏற்றத்தில் தொடங்கும். மார்புப்பிடி, கைப்பிடி என இரு பிடிகள் கயிற்றைக் கவ்வும். காலடி வளையத்தில் எழுந்து நின்றால் மார்புப்பிடி மேலேறும். கச்சையில் அமர்ந்தால் கைப்பிடியைத் தள்ளலாம். கேரளத்தார்க்கு இது புதிதன்று. கண்ணூர் மாவட்டச் செம்பேரியைச் சேர்ந்த சோசப்பு வடிவமைத்த தென்னையேறு பொறியும், ஒன்று மரத்தைக் கவ்வ மற்றொன்று உயரும் இதே முறையில் இயங்குகிறது. ஏறுவோர் அருகியதால் தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ‘தென்னை மரத் தோழர்’ எனும் ஆறு நாள் பயிற்சியைத் தொடங்கி இளைஞரையும் பெண்களையும் மரமேற்றியது. அது வரவேற்கத்தக்க முயற்சி. தலைமுறைகளாக ஒருசிலர்மீது சுமத்தப்பட்ட உயிரிடர்த் தொழில், கற்பிக்கத்தக்க கலையாக ஏற்கப்பட்டது அங்கேதான்.

ஏறவும் இறங்கவும் கைவந்தபின் இடைத்தடைகள்: ஒரு கயிற்றிணையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல், நடுவழிப் பிணைப்பைக் கடத்தல், முடிச்சைத் தாண்டுதல், சுவர் விளிம்பைக் கடத்தல். ஒவ்வொன்றிலும் புதியதைப் பூட்டாமல் பழையதைக் கழற்றலாகாது. தேர்வாளர் பார்ப்பது விரைவையன்று, இவ்வரிசையையே. அவர் பயிற்றுவித்தவராக இருத்தலாகாது என்பதும் நெறி. கற்பித்தவரே மதிப்பிடும் நம் கல்லூரித் தேர்வுகளுக்கு இதில் ஒரு குறிப்பு உண்டு.

முதற்படியினர்க்கும் மீட்பு கற்பிக்கப்படுகிறது. நினைவிழந்து இறங்குகருவியில் தொங்குபவனை அணுகி, தன் கருவியோடு இணைத்து, இருவர் எடையோடும் நிலத்துக்கு இறங்க வேண்டும். அசைவற்றுக் கச்சையில் தொங்குவோனின் கால்களில் குருதி தேங்கும். கால் தசைகள் இயங்காமையால் நெஞ்சாங்குலைக்குக் குருதி மீள்வது குறையும். சில மணித்துளிகளில் மயக்கமும் பின்னர் உயிரிடரும் நேரலாம். 2023 மார்ச்சில் திருவனந்தபுரம் மாவட்டத்து வர்க்கலைக் கடற்கரையில், பாராகிளைடரில் பறந்த இருவர் உயர்கம்ப விளக்கொன்றில் சிக்கி நெடுநேரம் தொங்கினர். கீழே மெத்தையும் வலையும் விரித்துத் தீயணைப்புப் படையினர் அவர்களை உயிருடன் மீட்டனர். அவ்வாறு வெளியார் வந்து சேரும்வரை கயிற்றுத் தொழிலர் காத்திருக்கலாகாது. மீட்பு ஆற்றல் குழுவுக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

தேறியவன் கையில் மூன்றாண்டு செல்லும் சான்றும், வேலை நேரங்களைக் குறிக்கும் பதிவேடும் கிடைக்கும். வேலை கிடைத்துவிட்டதாகப் பொருளன்று. கடன்பட்டுக் கட்டணம் செலுத்தும் இளைஞர், பயிற்சியில் சேருமுன்னரே இதனை அறிந்திருத்தல் நலம்: மூன்றாம் படியினர் ஒருவரின் மேற்பார்வையின்றி முதற்படியினர் கயிற்றில் இறங்க முடியாது. கயிற்றறிவோடு வண்ணப்பூச்சு, பற்றவைப்பு, உலோக ஆய்வு போன்ற கைத்தொழில் ஒன்றும் உடையோரையே நிறுவனங்கள் பெரிதும் நாடுகின்றன. பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடப்பது மற்றொரு குறை. உயிர் தொங்கும் நொடியில் மூளைக்குள் மொழிபெயர்ப்புக்கு இடமில்லை. தமிழிலும் மலையாளத்திலும் பாடநூல் வந்தாலன்றி இக்குறை தீராது.

திருவனந்தபுரத்தின் கடலுப்புக் காற்றும் தன் பங்குக்குப் பாடம் நடத்தும். துருவேறா எஃகு எனப் பெயர்பெற்ற பிணைப்பாணிகளும் உப்பின் குளோரைடால் கண்ணுக்குப் புலப்படாமல் வெடிப்புறக் கூடும். அலுமினியப் பூட்டுவளையங்களில் வெண்பொடி படியும். நன்னீரில் அலசாத கருவி சில திங்களிலேயே ஒதுக்கத்தக்கதாகும். சூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் காற்றும் மின்னலும் வெளிவேலைகளைப் பலநாள் நிறுத்திவிடும். ஆறு திங்களோ அதற்கு மேலோ கயிற்றைத் தொடாதிருந்தவர், சான்றின் ஆண்டுகள் எஞ்சியிருப்பினும், நினைவூட்டுப் பயிற்சி பெற்ற பின்னரே மீண்டும் களத்துக்குத் திரும்ப வேண்டும்.