உண்டதை எழுதி வைத்தல்: நீரிழிவு நோயாளருக்கு ஓர் அளவுகோல்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டி, ஆனேக்கல் வட்டத்தில் அமைந்துள்ளது அத்திபெலே. கேழ்வரகுக் களி உண்டு வளர்ந்த வட்டாரம் அது. அரிசியைக் கைவிட்டுக் களிக்கு மாறிவிட்டால் நீரிழிவு தானே அடங்கிவிடும் என எண்ணுவோர் பலர். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையோ வேறொன்றைக் கூறுகிறது. 100 கிராம் தீட்டிய அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். அதே எடையுள்ள கேழ்வரகில் சுமார் 67 கிராம். நார்ச்சத்திலும் சுண்ணாம்புச் சத்திலும் கேழ்வரகு மிக மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் களியும் மாவுப்பொருளே. ஓர் உருண்டைக்குப் பதில் இரண்டு உண்டால் ஆதாயம் கரைந்துபோம்.

ஆகவே, என்ன உண்கிறோம் என்பதுடன் எவ்வளவு உண்கிறோம் என்பதும் தெரிய வேண்டும். இங்குதான் நினைவு ஏமாற்றுகிறது. உணவைக் குறைத்தும் உடல் இளைக்கவில்லை என முறையிட்ட சிலரை அமெரிக்க ஆராய்ச்சியாளர் சோதித்து 1992-இல் முடிவை வெளியிட்டனர். அவர்கள் தாம் உண்டதாகக் கூறிய அளவு, உண்மையில் உண்டதைவிட ஏறத்தாழ பாதி குறைவாக இருந்தது! அவர்கள் பொய்யர் என்பதன்று. கணக்கில் வராத வாய்கள் பல உள. அந்நாட்டிலேயே சுமார் 1,700 பேரைக் கொண்டு நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் உணவுக் குறிப்பு எழுதியோர், எழுதாதோரைப்போல் இருமடங்கு எடை குறைந்தனர்.

நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடையோர் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. உணவு, நடை ஆகியவற்றைத் திருத்தினால் பயன் உண்டா? சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாசலில் நின்ற 531 பேரிடம் இதைச் சோதித்து 2006-இல் வெளியிட்டனர். மூன்றாண்டுகளில், வழக்கம்போல் இருந்தோரில் 55 விழுக்காட்டினர் நோயுற்றனர். வாழ்க்கைமுறையைத் திருத்திக்கொண்டோரில் 39 விழுக்காட்டினரே.

எழுதுவதற்கு ஒரு பள்ளிக் குறிப்பேடு போதும். களியை நிறுத்துப் பயனில்லை; அதில் பெரும்பகுதி நீர். கிளறுமுன் மாவை அளந்து, உருண்டைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். தேநீரும் எழுதப்பட வேண்டும்: குவளைக்கு 10 கிராம் சர்க்கரை எனில், ஐந்து குவளையில் 200 கலோரி. எண்ணெயை எவரும் தட்டில் காண்பதில்லை. நால்வர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் செலவானால், தலைக்கு நாளொன்றுக்கு 25 மில்லிலிட்டர், அதாவது சுமார் 200 கலோரி. இக்கணக்கை ஏழாம் வகுப்பு மாணவனும் போட்டுவிடுவான்.

குறிப்பேட்டைப் பார்வையிடும் பணியாளர் கடிந்துகொள்ளலாகாது. ஒருமுறை திட்டு வாங்கியவர், மறுவாரம் பலகாரத்தை உண்பார்; எழுதமாட்டார்.

மற்றொன்று மிக முக்கியமானது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ கொள்பவர் உணவை மட்டும் திடீரெனக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை அபாயமாகத் தாழலாம். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் ஆகியன அதன் அறிகுறிகள். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே பருகச் செய்து, கால்மணி கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. அந்நாளின் குறிப்பேட்டுப் பக்கத்தையும் உடன் கொண்டுசென்றால், மருந்தின் அளவை மாற்றுவது மருத்துவருக்கு எளிதாகும்.