பொம்மைக்குக் கனம் வந்தது!

ஒரு பந்தை மேலே வீசினால் அது கீழே வந்து விழும். விழுந்த இடத்தில் இரண்டு மூன்று தடவை குதித்துவிட்டு ஓய்ந்து போகும். கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. இதைக் கற்றுக்கொள்வதற்காக ஒரு பெண் போடிநாயக்கனூரிலிருந்து சென்னைக்கு ரெயிலேறிப் போய், மூன்று வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டாள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். அவள் அம்மாவும் சிரிக்கத்தான் செய்தாள். "பந்து விழுகுறதைப் படிக்கவா இம்புட்டுப் பணம்?" என்று கேட்டாளாம்.

சென்னையில் ஓர் ஓவியக் கல்லூரியில் கம்ப்யூட்டர் அனிமேஷன் படிக்கிற அந்தப் பெண்ணை, விடுமுறைக்கு வந்திருந்தபோது அவள் வீட்டுத் திண்ணையில் சந்தித்தேன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஆகவே, "போடிப் பெண்" என்றே வைத்துக்கொள்வோம்.

போடியைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? ஊருக்குள் நுழைந்ததுமே ஏலக்காய் வாசனை ஆளைத் தூக்குகிறது. மேற்கே மலை. பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை என்று கேரளத்து ஏலத் தோட்டங்கள். விடியும் முன்பே ஜீப்புகள் பெண்களை அடைத்துக்கொண்டு மலையேறுகின்றன. போடிப் பெண்ணின் அம்மாவும் அந்த ஜீப்பில் ஒருத்தி. மகளின் முதல் வருஷச் சம்பளத்துக்காகக் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்தாள். தோடு இன்னும் திரும்பி வரவில்லை.

"பந்தில் அப்படி என்ன அம்மா இருக்கிறது?" என்று கேட்டேன்.

போடிப் பெண் ஒரு காகிதத்தை எடுத்துப் புள்ளி வைத்துக் காட்டினாள். சினிமாவில் ஒரு விநாடிக்கு இருபத்து நான்கு படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் பந்து ஓரிடத்தில் இருக்க வேண்டும். கோலப் புள்ளி மாதிரி சம இடைவெளியில் வைத்தோமானால் அது பந்தாக இராது. நூல் கட்டி இழுத்த எலுமிச்சம்பழமாக இருக்கும். உச்சியில் பந்து ஒரு கணம் தயங்குகிறது. அங்கே புள்ளிகளை நெருக்க வேண்டும். விழும்போது வேகம் கூடுகிறது. அங்கே புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். ரப்பர் பந்து தரையில் பட்டதும் தோசை மாதிரி சற்றே தட்டையாகி நிமிர வேண்டும். இரும்புக் குண்டென்றால் அதுவும் கூடாது.

"கம்ப்யூட்டர்தான் எல்லாம் செய்துவிடுமே!" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க ஸார்" என்றாள். முதலில் களிமண்ணில் பிடிப்பதுபோல் கம்ப்யூட்டருக்குள் பொம்மை செய்ய வேண்டுமாம். அதற்குள் எலும்புக்கூடு பொருத்த வேண்டும். பிறகு, உட்கார்ந்திருக்கிற நிலை ஒன்று, எழுந்து நிற்கிற நிலை ஒன்று என்று முக்கியமான நிலைகளை நாம் வைத்துக் கொடுத்தால், இடையிலுள்ள படங்களைக் கம்ப்யூட்டர் நிரப்பும். நிரப்பும் என்றால் எப்படி? உயிரில்லாமல் நிரப்பும்! அதற்கு உயிர் வருகிறவரை ஒவ்வொரு மூட்டாகத் திருத்துவதுதான் படிப்பு.

இந்த வித்தை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1956-ல் கிளேர் வீக்ஸ் என்பவர் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம்மவர்களுக்கு இதைக் கற்றுக் கொடுத்தார். இந்தியாவில் பிறந்து, டிஸ்னி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர் அவர். அவரிடம் பயின்ற ராம் மோகன்தான் 1989-ல் வெளிவந்த 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினிகாந்துடன் ஆடிப் பாடிய கார்ட்டூன் மிருகங்களை உருவாக்கியவர். அந்தக் காலத்தில் எல்லாம் கையால் வரைவதுதான். 2000-ல் சென்னையிலேயே கம்ப்யூட்டரைக் கொண்டு 'பாண்டவாஸ்' என்று முழு நீளப் படம் எடுத்துவிட்டார்கள்.

பந்து முடிந்து, பொம்மையை நடக்க வைத்து, இரண்டாம் வருஷக் கடைசியில் ஒரு சின்னப் படம் எடுக்கச் சொன்னார்கள். நாற்பது விநாடி. போடிப் பெண் தன் அம்மாவையே எடுத்துக்கொண்டாள். ஏலச் செடியடியில் குந்தியிருக்கிற ஒரு பெண் பிள்ளை காய்ச் சாக்கை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்து போகிறாள். அவ்வளவுதான் கதை.

ஆசிரியர் பார்த்தார். "உன் அம்மா காற்றடைத்த பலூனா? சாக்குக்குள் பஞ்சா வைத்திருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு ஹாஸ்டலில் சாப்பிடவில்லையாம் இவள். மற்ற மாணவர்களெல்லாம் பறக்கும் டிராகனும் ராக்கெட்டுமாகச் செய்து கைதட்டல் வாங்கியபோது, இவளுடைய பொம்மைக்கு ஒரு சாக்கைத் தூக்கத் தெரியவில்லை.

அடுத்த லீவில் ஊருக்கு வந்தவள் அம்மாவோடு ஜீப்பில் ஏறிவிட்டாள். "போனில் படம் பிடிக்காதே, பார்த்து வரை" என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. வேரடியில் தரையோடு படர்ந்த கொத்துகளில் காய்க்கிறது. ஆகவே நாள் முழுவதும் குந்தித்தான் பறிக்க வேண்டும். எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து, அம்மா எழுந்திருக்கிற ஒவ்வொரு தடவையும் வரைந்தாள். பக்கத்துச் செடியில் பறித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "ஏந் தாயி, உங்க ஆத்தாளை இம்புட்டு நாளா நீ பாத்ததே இல்லையா?" என்று கேட்டாளாம்.

பார்க்கத்தான் இல்லை என்கிறாள் போடிப் பெண். எழுந்திருக்கிறவள் முதலில் மேலே வருவதில்லை. சற்றே கீழே அமுங்குகிறாள், கை முழங்காலைத் தேடுகிறது, இடுப்பு முதலில் கிளம்புகிறது, முதுகு பிறகு, தலை எல்லாவற்றுக்கும் கடைசி. நின்ற பிறகும் உடனே நடப்பதில்லை. ஒரு மூச்சு நிற்கிறாள். அந்த மூச்சுக்கு மட்டும் பதினெட்டு படங்கள்!

கல்லூரிக்குத் திரும்பி எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகச் செய்தாள். நாற்பது விநாடிக்கு 960 படங்கள். வெளிச்சமும் நிழலும் சேர்த்து ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டர் தீட்டி முடிக்க ஆறு நிமிஷம். மொத்தம் நாலு நாள், இரவு பகலாக. நடுவில் ஒருமுறை கரண்ட் போயிற்று. இன்னொரு முறை, அம்மாவின் கை சாக்கைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் வந்தது! கடைசியில் ஆசிரியர் பார்த்தார். இரண்டாம் தடவையும் போடச் சொல்லிப் பார்த்தார். "கனம் வந்துவிட்டது" என்றார்.

வேலை கிடைக்குமா என்று நம் வாசகிகள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவள் மழுப்பவில்லை. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற பெரிய கம்பெனி திடீரென்று படுத்தபோது, பெங்களூரில் அதில் வேலை பார்த்த நம்மவர்களும் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். இடைப்படங்களையும் பின்னணியையும் இப்போது செயற்கை அறிவு இயந்திரங்களே போடத் தொடங்கிவிட்டன. இருந்தும் படிக்க விரும்புகிற பெண்களுக்கு ஒரு தகவல்: தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. வீட்டிலேயே பழகிப் பார்ப்பதற்கு, பிளெண்டர் என்ற மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது.

"அம்மா படத்தைப் பார்த்தார்களா?" என்று கேட்டேன்.

முந்தின நாள் இரவுதான் காட்டினாளாம். அம்மா போனைக் கையில் வாங்கி, சிரிக்காமல், மூன்று தடவை பார்த்தாள். பிறகு, "கை தப்பு புள்ள" என்றாள். "சோத்துக் கையையா ஊனி எந்திரிக்கிறேன்? அந்த முட்டியிலே கை வைக்க முடியாதுல்ல. ரெண்டு வருசமா வலி."

போடிப் பெண் நோட்டை விரித்து என்னிடம் காட்டினாள். தோட்டத்தில் வரைந்த படங்கள். ஒவ்வொன்றிலும் இடது கைதான் இடது முழங்காலில் ஊன்றியிருந்தது. "வலது கைன்னா காமிராவுக்கு நல்லாத் தெரியும்னு நான்தான் ஸார் மாத்தினேன்" என்றாள். "வரைஞ்சிருக்கேன், ஏன்னு கேக்கலை."

கையை மாற்றினால் தோள் மாறும். தோள் மாறினால் நடை மாறும். 960 படங்களையும் மறுபடி தீட்ட வேண்டும். கல்லூரி திறக்க இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அதற்குள் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போய் முழங்காலைக் காட்ட வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு முடியாது, ஜீப்பு அஞ்சு மணிக்கு!" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.