கூந்தலைச் சுழற்றிய குழந்தை

வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை, வெள்ளை உடுப்புப் போட்ட மாணவர்கள் என்று நிறமே இல்லாத ஒரு பள்ளி உணவுக்கூடம். அங்கே ஒரு சிறுமி வருகிறாள். தன் சடைகளைப் பெயிண்டில் முக்கி எடுக்கிறாள். கழுத்தை ஒரு வெட்டு வெட்டித் தலையைச் சுழற்றுகிறாள். சுவரிலும் தரையிலும் உடுப்புகளிலும் வண்ணம் தெறிக்கிறது. சற்று நேரத்தில் அறை முழுக்க எல்லோரும் தலையைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

2010 அக்டோபரில் வெளிவந்த 'விப் மை ஹேர்' வீடியோ இது. பாடியவள் வில்லோ ஸ்மித். ஹாலிவுட் நட்சத்திரங்கள் வில் ஸ்மித், ஜேடா பிங்கெட் ஸ்மித் தம்பதியின் மகள். 2007இல் வந்த 'ஐ ஆம் லெஜண்ட்' படத்தில் அப்பாவுக்கு மகளாகவே நடித்து அதற்கு முன்பே ஊரறிந்த முகமாகியிருந்தாள். வீடியோ வந்தபோது வயது ஒன்பது; பத்து நிறையச் சில நாட்கள் பாக்கி. ராப் பாடகர் ஜே-ஸீயின் ராக் நேஷன் நிறுவனம் அவளை ஒப்பந்தம் செய்திருந்தது. ஜஸ்டின் பீபரின் 'பேபி' வீடியோவை எடுத்த ரே கே இதையும் இயக்கினார். பாட்டு அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 11ஆம் இடம் வரை போனது. பிரிட்டனில் இரண்டாம் இடம்.

பணக்கார வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த செல்லப் பரிசு என்று அதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்கக் கறுப்பினப் பெண் குழந்தைகளுக்கு முடி என்பது சின்ன விஷயமல்ல. சுருண்ட முடியைச் சூடு காட்டியோ ரசாயனம் தடவியோ நேராக்கிவிட்டால்தான் பள்ளியிலும் வேலையிலும் மதிப்பு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த நாடு அது. இயல்பான முடிக்காகவும் சடைகளுக்காகவும் ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா தனிச் சட்டம் இயற்றியதே 2019இல்தான். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கறுப்பினச் சிறுமி தன் சடையைத் தூரிகையாக்கி வெள்ளைச் சுவரில் அடித்தாள். அதே மாதம் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு கறுப்பினப் பொம்மைச் சிறுமி தன் முடியைக் கொண்டாடிப் பாடினாள். இரண்டையும் ஒட்டி யாரோ செய்த காணொளி இணையத்தில் பரவியது. அந்த ஆண்டு அந்தப் பாட்டைக் கேட்டுக் கண்ணாடி முன் நின்ற குழந்தைகளுக்கு அது தந்த தெம்பை நான் முழுமனதோடு மதிக்கிறேன்.

ஆனால் அந்தப் பாட்டை எழுதியவள் வில்லோ அல்ல. ரொனால்ட் ஜாக்சனும் இன்னொருவரும் எழுதினார்கள். பெரியவர்கள் எழுதி, பெரியவர்கள் இயக்கி, பெரியவர்கள் விற்றார்கள். யார் என்ன சொன்னாலும் நீ நீயாக இரு என்ற பாட்டை ஒரு குழந்தையின் வாயில் வைத்தார்கள். அந்தக் குழந்தை தானாக இருக்க விரும்பியபோது என்ன நடந்தது என்பதுதான் மீதிக் கதை.

2011இல் பீபரின் ஐரோப்பியக் கச்சேரிகளில் அவருக்கு முன்பாக மேடையேறும் தொடக்கப் பாடகியாக ஊர் ஊராகப் போனாள். ஒரு கட்டத்தில், போதும் அப்பா, எனக்கு முடிந்துவிட்டது என்றாள். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகள் பாக்கி இருக்கின்றன, நிறுத்த முடியாது என்றார் அப்பா. பிறகு ஒரு காலை உணவு வேளையில் மகள் மொட்டைத் தலையோடு வந்து நின்றாள். கூந்தலைச் சுழற்றுவதுதான் பாட்டு. சுழற்றக் கூந்தலே இல்லை. இதை 2021இல் வந்த தன் வாழ்க்கை நூலில் வில் ஸ்மித்தே எழுதியிருக்கிறார். தான் மகளின் மனதைக் கேட்கவில்லை என்று உணர்ந்த கணம் அது என்கிறார்.

அறிவிக்கப்பட்டிருந்த முதல் ஆல்பம் வெளிவரவே இல்லை. அவளுக்காகவே அப்பாவும் ஜே-ஸீயும் திட்டமிட்ட 'ஆனி' படத்தில் வேறொரு சிறுமி நடித்தாள். வெளியிலிருந்து பார்த்தவர்கள் பெரிய இடத்துப் பிள்ளையின் அடம் என்றார்கள். 2018இல், அம்மா நடத்திய 'ரெட் டேபிள் டாக்' நிகழ்ச்சியில் வில்லோ வாய் திறந்தார். அந்தப் பாட்டின் பரபரப்புக்குப் பிறகு, ஆல்பத்தை முடி முடி என்று எல்லோரும் நெருக்கிய நாட்களில், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டதைச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்க்கு அதுவரை அது தெரியாது. அந்த இடத்தில் ஜேடாவின் முகத்தைப் பார்த்த எந்தப் பெற்றோரும் அதை மறக்க மாட்டார்கள்.

இன்றைய வில்லோ வேறு ஆள். 2015இல் பதினைந்து வயதில் வெளியிட்ட 'ஆர்டிபிதிகஸ்' ஆல்பத்தின் பெரும்பகுதியை அவரே எழுதி, அவரே தயாரித்தார். தலைப்பு ஆதி மனித இனம் ஒன்றின் அறிவியல் பெயர். கடைக்காரர்களைக் கேட்டிருந்தால் கட்டாயம் வேண்டாம் என்றிருப்பார்கள். அதிலுள்ள 'வெய்ட் எ மினிட்' பாட்டைச் சில ஆண்டுகள் கழித்து டிக்டாக் தலைமுறை தானாகவே தேடிப் பிடித்தது. 2021இல் கிதாரை மாட்டிக்கொண்டு பங்க் ராக் பக்கம் போனார். அது திடீர் ஆசையல்ல. அம்மா ஜேடா 'விக்கிட் விஸ்டம்' என்ற மெட்டல் குழுவின் பாடகியாக இருந்தவர். 2005இல் ஆஸ்ஃபெஸ்ட் மெட்டல் இசைவிழா மேடைகளில் இனவெறிக் கூச்சல்களுக்கு நடுவே பாடியவர். சிறு பிள்ளையாக வில்லோ அதைக் கூடவே இருந்து பார்த்தவர். அப்பாவின் புகழ் கொடுத்த மேடையை விட்டு இறங்கி, அம்மா வதைபட்ட மேடையைத் தேடிப் போனார் என்றே நான் பார்க்கிறேன்.

2021 ஜூலையில் ஓர் இணையவழிக் கச்சேரி. 'விப் மை ஹேர்' பாட்டையே ராக் இசையாக மாற்றிப் பாடுகிறார். பாடிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் தலையில் ஓடுகிறது, முடி கொத்துக் கொத்தாக விழுகிறது. சிறு வயதில் தப்பிக்கச் செய்ததை இருபதில் விரும்பிச் செய்தார். பழைய வீடியோவில் தெறித்த அத்தனை வண்ணத்தையும் விட இந்த மொட்டைத் தலை எனக்குப் பெரிய கொண்டாட்டமாகப் படுகிறது.

2024 மே மாதம் வந்த 'எம்பதோஜென்' ஆல்பத்தில் ஜாஸ் வாசனை. ஜான் பாட்டிஸ்ட், செயின்ட் வின்சென்ட் போன்ற பெரிய கலைஞர்கள் கூடப் பாடியிருக்கிறார்கள். ஒலிப்பதிவுக்காக கிராமி பரிந்துரையும் கிடைத்தது. எந்தப் பட்டியலையும் குறிவைத்துச் செய்த இசை இது இல்லை என்பது முதல் இரண்டு நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

வில்லோவைப் புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் பழைய வீடியோவில் தொடங்க வேண்டாம். 'எம்பதோஜென்' ஆல்பத்திலுள்ள 'சிம்ப்டம் ஆஃப் லைஃப்' பாட்டில் தொடங்குங்கள். ஏழு எண்ணிக்கையில் நடக்கும் பாட்டு அது. கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளம் பழகிய காது இரண்டாவது சுற்றிலேயே தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். கையால் போட்டுக்கொண்டே கேளுங்கள்.