திறவுச்சொல் அடர்த்தியும் தமிழ் எழுத்தும்

இணையத்தில் ஒரு கட்டுரையை வெளியிட்டுவிட்டால் மட்டும் அது மாணவர் கைக்குச் சென்று சேர்ந்துவிடுவதில்லை. தேடுபொறி அதனைக் கண்டு, முன்வரிசையில் காட்டினால்தான் அது படிக்கப்படும். இதற்கென வழங்கும் அறிவுரைகளுள் ‘திறவுச்சொல் அடர்த்தியைக் கூட்டுக’ என்பது ஒன்று. அவ்வறிவுரை தமிழுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அடர்த்தி என்பது யாது?

தகவல் தேடுவோர் தட்டச்சு செய்யும் சொல்லைத் திறவுச்சொல் என்கிறோம். ஒரு கட்டுரையில் அச்சொல் வரும் எண்ணிக்கையை மொத்தச் சொற்களின் எண்ணிக்கையால் வகுத்து, 100ஆல் பெருக்கினால் கிடைப்பது அதன் அடர்த்தி. 500 சொற்கள் கொண்ட கட்டுரையில் ஒரு சொல் 10 முறை வந்தால் அடர்த்தி 2 விழுக்காடு.

இக்கருத்தின் வேர் இணையத்திற்கு முற்பட்டது. ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன், ஒரு கட்டுரையில் சொற்கள் பயின்றுவரும் அளவைக் கொண்டே அதன் சாரத்தைக் கணினியால் பிரித்தெடுக்கலாம் என 1958இல் எழுதினார். கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் 1972இல் அதனை மேலும் செப்பம் செய்தார். எல்லா ஆவணங்களிலும் காணப்படும் சொல்லைவிடச் சிலவற்றில் மட்டுமே காணப்படும் சொல்லுக்கே மதிப்பு மிகுதி என்பது அவர் காட்டிய நெறி. ஆகவே, ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பது மட்டுமே அளவுகோல் அன்று என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

ஆயினும், 1990களில் தோன்றிய தேடுபொறிகளை ஏமாற்ற ஒரே சொல்லை நூறு முறை அடுக்கியோர் உண்டு. வெண்மையான பின்னணியில் வெள்ளை எழுத்தால் சொற்களை மறைத்து வைத்தோரும் உண்டு. இன்று கூகுள் நிறுவனம் இத்தகைய சொல் திணிப்பைத் தன் விதிகளுக்கு முரணான செயலாக அறிவித்துள்ளது. அதில் ஈடுபடும் பக்கம் பின்வரிசைக்குத் தள்ளப்படலாம். தேடல் முடிவிலிருந்தே நீக்கவும் படலாம்.

தமிழில் எண்ணுவதன் சிக்கல்

அடர்த்தியைக் கணக்கிடும் கருவிகள் பலவும், இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே உள்ள எழுத்துத் தொடரையே ஒரு சொல்லாகக் கொள்கின்றன. தமிழோ வேற்றுமை உருபுகளையும் பன்மை விகுதியையும் சொல்லோடு சேர்த்தெழுதும் மொழி.

200 சொற்கள் கொண்ட ஒரு கட்டுரையில் ‘தமிழ்ப்பள்ளி’ 2 முறை, ‘தமிழ்ப்பள்ளியில்’ 3 முறை, ‘தமிழ்ப்பள்ளியின்’, ‘தமிழ்ப்பள்ளிகளுக்கு’, ‘தமிழ்ப்பள்ளிக்குச்’ ஆகியவை ஒவ்வொரு முறை வருவதாகக் கொள்வோம். கருவி காட்டும் அடர்த்தி 1 விழுக்காடு. படிப்பவர் உணரும் அடர்த்தியோ 4 விழுக்காடு. ‘மரம்’ என்பது ‘மரத்தில்’, ‘மரங்கள்’ என்றாகும்போது சொல்லின் இறுதியே திரிந்துவிடுகிறது. வல்லினம் மிகுமிடங்களில் ஈற்றில் ஓர் ஒற்று கூடினாலும் கருவிக்கு அது வேறொரு சொல்லே.

வகுக்கும் எண்ணும் மாறுபடுகிறது. ‘பள்ளியிலிருந்து வந்துகொண்டிருக்கிறேன்’ என்னும் தொடரில் இரண்டே சொற்கள். இதனை ஆங்கிலத்தில் கூற இரண்டுக்கும் மேற்பட்ட சொற்கள் வேண்டும். எனவே, ஆங்கில எழுத்தை மனத்திற்கொண்டு வகுத்த விழுக்காட்டைத் தமிழுக்கு அவ்வாறே பொருத்துவது முறையாகாது.

இதனை உணராது கருவியின் சொற்படி நடப்போமாயின் ‘தமிழ்ப்பள்ளி மாணவர் தமிழ்ப்பள்ளி கல்வி தமிழ்ப்பள்ளி வளர்ச்சி’ என உருபிழந்த தொடர்களே மிஞ்சும். இணையத்தைப் பார்த்துத் தமிழ் பயிலும் மாணவர் அதனையே சரியான நடை எனக் கருதும் இடரும் உண்டு. ‘கூறியது கூறல்’ நம் இலக்கண மரபில் குற்றம். பொருள் சிறக்க அதே சொல்லை மீண்டும் ஆள்வது பின்வருநிலை அணி. இரண்டையும் வேறுபடுத்துவது எண்ணிக்கையன்று, நோக்கமே.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, தேடுவோர் தட்டச்சு செய்யும் வடிவத்திலேயே முதன்மைச் சொல்லைத் தலைப்பிலும் முதற்பத்தியிலும் ஒருமுறை அமைத்திடுவோம். ஏனைய இடங்களில் இலக்கணம் வேண்டும் உருபுகளோடு அச்சொல் இயல்பாக வரட்டும். இன்றைய தேடுபொறிகள் சொல்லின் திரிந்த வடிவங்களையும் பொருளால் நெருங்கிய சொற்களையும் கருத்திற்கொள்ளும் திசையில் வளர்ந்துள்ளன. 2019இல் கூகுள் தன் தேடலில் இணைத்த ‘பெர்ட்’ என்னும் மொழி மாதிரி, ஒரு சொல்லை அதன் சூழலோடு சேர்த்தே நோக்குகிறது.

இரண்டாவதாக, வழக்கு வேறுபாட்டை மறவாதிருப்போம். மலேசியாவில் ‘இடைநிலைப்பள்ளி’ எனப்படுவது சிங்கப்பூரில் ‘உயர்நிலைப்பள்ளி’ எனப்படுகிறது. இரு நாட்டு மாணவர்க்கும் எழுதும்போது இரண்டு சொற்களும் இடம்பெற வேண்டும். ஒரே சொல்லைப் பத்து முறை எழுதுவதினும் இது பயன் மிக்கது.

மூன்றாவதாக, இதனை வகுப்பறைப் பயிற்சியாக்கலாம். மாணவர் தாம் எழுதிய கட்டுரையில் ஒரு பெயர்ச்சொல்லைத் தேர்ந்து, அது வந்துள்ள வடிவங்களை எல்லாம் பட்டியலிட்டு, அடர்த்தியை இரு முறையிலும் கணக்கிடட்டும். வேற்றுமையும் புணர்ச்சியும் தேர்வுக்குரிய பாடம் மட்டுமல்ல, கணினி தமிழைப் புரிந்துகொள்வதற்கும் அவையே அடிப்படை என்பதை அவர்கள் தம் கணக்கிலேயே காண்பார்கள்.