எல்லாருக்கும் கார்டு கொடுத்தாச்சு, பில்லை யார் கட்டுறது? தைவான் கதை

ஒரு நாட்டோட மருத்துவ அமைப்பையே மாத்தணும்னா ஆலோசகர்கள் அரசாங்கத்துக்கிட்ட என்னதான் சொல்வாங்க? பொதுவா பேசினா காத்துல கோடு போட்ட மாதிரி ஆயிடும். அதனால இன்னைக்கு ஒரே ஒரு நாடு: தைவான்.

1980கள் கடைசியில தைவான் அரசு, ஹார்வர்ட் பொருளாதாரப் பேராசிரியர் வில்லியம் சியாவ்கிட்ட ஆலோசனை கேட்டது. அப்போ அங்க தொழிலாளர்களுக்கு ஒரு காப்பீடு (நம்ம இஎஸ்ஐ மாதிரி), அரசு ஊழியர்களுக்கு ஒன்னு, விவசாயிகளுக்கு ஒன்னு. எதுலயும் சேராதவங்க ஏறக்குறைய பத்துக்கு நாலு பேர். யாருன்னு பார்த்தா பெரும்பாலும் குழந்தைகள், வயசானவங்க, வேலை இல்லாதவங்க. டாக்டர் அதிகம் தேவைப்படுறவங்கதான் வெளியில நின்னாங்க!

சியாவ் பின்னாடி சகாக்களோட சேர்ந்து எழுதின புத்தகத்துல, ஒரு மருத்துவ அமைப்புல அரசு கை வைக்கக்கூடிய இடம் அஞ்சுன்னு சொல்றார். ஃபேன் ரெகுலேட்டர்ல இருக்குற திருகு மாதிரி நினைச்சுக்கோங்க. பணம் எப்படித் திரட்டுறது, டாக்டருக்கு எந்த முறையில பணம் கொடுக்குறது, மருத்துவமனைகளை எப்படி அமைக்கிறது, சட்ட விதிகள், மக்களோட பழக்கம். கடைசி மூணை இன்னைக்கு விட்டுடுவோம். சண்டை எல்லாம் முதல் ரெண்டுலதான்.

தைவான் எடுத்த முடிவு: நாடு முழுக்க ஒரே காப்பீடு, எல்லாரும் கட்டாயம் சேரணும். 1995 மார்ச் 1 அன்னைக்கு ஆரம்பிச்சாங்க. மருத்துவமனைகள் பெரும்பாலும் தனியார்தான், அதை மாத்தல. பணம் கொடுக்குற கை மட்டும் ஒன்னாச்சு. இன்னைக்கு 99 சதவீதத்துக்கு மேல மக்கள் உள்ள இருக்காங்க. முதல்ல ஆறு கட்டம் போட்ட காகித அட்டை. ஆறு தடவை டாக்டரைப் பார்த்தா வேற அட்டை வாங்கணும். 2004-க்குள்ள எல்லாருக்கும் சிப் வச்ச கார்டு வந்துடுச்சு. 2020 பிப்ரவரியில முகக்கவசத்தை ரேஷன்ல கொடுத்தது இதே கார்டை வச்சுத்தான்.

சரி, பிரச்சனைக்கு வருவோம். யாரும் எந்த டாக்டர்கிட்டயும் போகலாம், டாக்டருக்கு ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியா பணம். அப்போ செலவு ஏறாம என்ன செய்யும்? அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது, கொஞ்சம் பயமாவும் இருக்கு. 1998-ல பல் மருத்துவத்துல தொடங்கி 2002-ல மருத்துவமனைகள் வரைக்கும், ஒவ்வொரு பிரிவுக்கும் வருஷ பட்ஜெட்டை முன்கூட்டியே பூட்டிட்டாங்க. சிகிச்சைக்கு விலை கிடையாது, புள்ளி மட்டும்தான். உதாரணத்துக்கு, பட்ஜெட் 100 ரூபாய்னு வைங்க. எல்லா டாக்டரும் சேர்ந்து 100 புள்ளிக்கு வேலை செஞ்சா புள்ளிக்கு 1 ரூபாய். 125 புள்ளிக்கு செஞ்சா? புள்ளிக்கு 80 பைசாதான்.

அரசோட கணக்கு டைட்டா நிக்குது. ஆனா டாக்டர் பக்கத்துல இருந்து பாருங்க. மத்தவங்க அதிகமா பார்த்தா என் புள்ளியோட மதிப்பு குறையுது, அதை ஈடுகட்ட நானும் அதிகம் பேரைப் பார்க்கணும். எல்லாரும் இப்படியே ஓடினா நோயாளிக்குக் கிடைக்கிறது சில நிமிஷம்தான். தைவான்ல இந்தப் புகார் இன்னும் ஓயல. செலவு மறையல, டாக்டரோட நேரத்துல போய் உட்கார்ந்துடுச்சு.

அப்போ பிரீமியத்தை ஏத்தலாமே? அங்கதான் அரசியல். 1995-ல சம்பளத்துல 4.25 சதவீதம். 2002-ல 4.55. அடுத்த உயர்வு 2010-ல, 5.17. அந்த உயர்வு பத்தின இழுபறியில சுகாதார அமைச்சர் யாங் சி-லியாங் ராஜினாமா கடிதமே கொடுத்தார் (அப்புறம் பதவியில தொடர்ந்தார்). 2013-ல வாடகை, டிவிடெண்ட் மாதிரி வருமானத்துமேல தனியா ஒரு பிரீமியம் போட்டாங்க. சம்பளத்தை மட்டும் பிடிச்சா போதாதுன்னு புரிய 18 வருஷம் ஆச்சு.

இதே சியாவ் 2011-ல அமெரிக்காவோட வெர்மான்ட் மாநிலத்துக்கும் ஒரே காப்பீட்டுத் திட்டம் போட்டுக் கொடுத்தார். அந்த வருஷம் மே மாசமே சட்டமாச்சு. ஆனா பணம் எங்கிருந்துன்ற முடிவை மட்டும் பின்னாடி பார்த்துக்கலாம்னு தள்ளி வச்சாங்க. 2014 டிசம்பர்ல கணக்கு வெளிய வந்தது: நிறுவனங்கள்கிட்ட சம்பளத்தொகையில 11.5 சதவீதம், மக்கள்கிட்ட வருமானத்துல 9.5 சதவீதம் வரைக்கும் புது வரி. திட்டத்துக்காகவே பிரச்சாரம் பண்ணின ஆளுநர் பீட்டர் ஷம்லின் தானே அதைக் கைவிட்டார். தைவான்ல பழைய காப்பீடுகளுக்காக சம்பளத்துல பிடிக்கிற ஏற்பாடு ஏற்கனவே இருந்தது, எல்லாத்தையும் ஒன்னா சேர்க்குற அதிகாரமும் அரசு கையில இருந்தது. வெர்மான்ட்டால முதியோருக்கான மெடிகேரையும் பெரிய கம்பெனிகளோட சொந்தத் திட்டங்களையும் தொடக்கூட முடியாது, அதெல்லாம் மத்திய சட்டத்துக்குக் கீழ வருது.