இலவச மருந்தும் அடைவுக்கடைச் சீட்டும்

இலங்கையில் காசநோய்க்கு மருந்து வாங்க ஒரு சதமும் செலவில்லை. சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஆறு மாத மாத்திரை எல்லாமே அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசம். ஆயினும் இந்நோய் புகுந்த வீட்டில் முதலில் தோடு அடைவுக்குப் போகிறது. பிறகு பசுமாடு போகிறது. சில வீடுகளில் பிள்ளையின் படிப்பும் போகிறது. அப்படியானால் பணம் எங்கே போகிறது? கம்பளையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் குடியேற்றங்களிலும் வாழும் எமது மக்களோடு சேர்ந்து அந்தக் கணக்கைப் பார்க்க விரும்புகிறோம்.

பெரும் பணம் நோய் இன்னதென்று தெரியுமுன்னரே கரைந்துவிடுகிறது. இருமல் வந்தால் அது பனி, கொழுந்து மலையின் ஈரம், அடுப்புப் புகை என்கிறோம். கடையில் ஒரு போத்தல் பாணி மருந்து, பிறகு கசாயம், பிறகு தனியார் டிஸ்பென்சரியில் ஊசி. காய்ச்சல் சற்று விடும், மறுபடி வரும். இரண்டு மாதம் இப்படிப் போனபின்தான் பெரியாஸ்பத்திரி நினைவுக்கு வருகிறது. அதற்குள் கடன் ஏறிவிட்டது. அதே லயக் காம்பராவில் படுக்கும் பிள்ளைகளின் நெஞ்சுக்கும் கிருமி போயிருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், வேறெங்கும் அலையாமல் கம்பளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியைச் சோதிக்கும்படி நீங்களே கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்தது இழந்த நாட்சம்பளம். இதை யாரும் செலவென்று எழுதி வைப்பதில்லை. சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி நிலையத்தினர் 304 நோயாளரை விசாரித்து 1999 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சராசரியாக ஒருவர் 83 வேலை நாட்களை இழந்திருந்தார். கையிலிருந்து செலவழித்தது 2,052 இந்திய ரூபா; உழைக்க முடியாமல் இழந்தது 3,934 ரூபா. ஏறக்குறைய இரண்டு மடங்கு! சராசரிக் கடன் 2,079 ரூபா. பள்ளி சென்ற பிள்ளைகளில் நூற்றுக்கு 11 பேர் படிப்பை நிறுத்தினர். இன்னும் 8 பேர் குடும்பத்தைத் தாங்க வேலைக்குப் போயினர். பெண் நோயாளரில் நூற்றுக்கு 15 பேரைக் குடும்பமே ஒதுக்கியது. இதை எந்த ரூபாவில் கணக்கிடுவது?

அந்த 83 நாளை எமது மலைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 2024 இல் தோட்டத் தொழிலாளருக்கு அறிவிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. பெருக்கினால் 112,050 ரூபா. துணைக்குப் போகிறவர் இழக்கும் நாட்சம்பளம் வேறு. கம்பளையிலிருந்து கண்டிக்கு இருபது கிலோமீற்றர்தான். ஆனால் புசல்லாவைக்கு மேலேயோ தொலஸ்பாகைப் பக்கமோ இருப்பவருக்கு அது ஒரு முழு நாள்.

நோயினால் வரும் செலவும் இழப்பும் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அதைக் குடும்பத்தைக் குலைக்கும் பாரம் என்று உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. உலகெங்கும் காசநோயாளர் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதி அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகின்றன. இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துக்கு இது இன்னும் கடினம். விற்க நிலமில்லை. ஊரிலென்றால் கடைக்காரர் முகம் பார்த்துக் கொப்பியில் எழுதிச் சாமான் தருவார். புது இடத்தில் யார் தருவார்? மீற்றர் வட்டிக்காரர்தான் முதலில் வருகிறார்.

சத்துணவுக்கென்று வாங்கும் கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோல்ட் டின்னும் டொனிக் போத்தலும் இல்லாவிட்டால் நோய் மாறாது என்ற எண்ணம் எம்மிடையே ஆழமாக இருக்கிறது. 1956 இல் மதராசில் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. வறிய நோயாளர் 193 பேரில் ஒரு பகுதியினரைச் சனற்றோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் வைத்தார்கள். மற்றவர்கள் தங்கள் நெருக்கமான வீடுகளிலேயே இருந்து அதே மருந்தை எடுத்தார்கள். ஓராண்டு முடிவில் இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒரேயளவு குணமடைந்திருந்தார்கள். வீட்டாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. குணப்படுத்தியது மருந்து.

அப்படியென்றால் சாப்பாடு வேண்டாமா? வேண்டும், ஆனால் முழு வீட்டுக்கும் வேண்டும். இந்தியாவின் ஜார்க்கண்டில் நோயாளருக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருளும், அவர்களோடு வாழ்ந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கும் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளருக்கு மட்டும் கொடுத்த குடும்பங்களோடு ஒப்பிட்டால், எல்லாருக்கும் கொடுத்த வீடுகளில் புதிதாக நோய் கண்டவர்கள் 40 சதவீதமளவு குறைவு என்று 2023 இல் வெளியான முடிவு சொல்கிறது. ஆகவே பிள்ளைகளின் சோற்றைக் குறைத்து நோயாளிக்கு டின் வாங்குவது நட்டக் கணக்கு. பருப்பு, முட்டை, நெத்தலி, முருங்கையிலை என்று எல்லாரும் உண்ணட்டும்.

மிகவும் ஆபத்தான காலம் இரண்டாம் மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின்னர் நான்கு மாதம் இரண்டு. ஆனால் சில வாரங்களிலேயே இருமல் அடங்கி, உடம்பு தேறி, கடன்காரர் வாசலில் நிற்கையில், கொழும்புக்கோ வேறு இடத்துக்கோ கூலிக்குப் போகத் தோன்றும். மருந்தை இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். அந்த வைத்தியம் கடினமானது. வேலைக்குப் போவதானால் கிளினிக்கில் சொல்லிவிட்டுப் போங்கள். போகும் மாவட்டத்திலுள்ள நிலையத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை கண்டி மாவட்டத்து மலைகளைச் சரித்தபோது நடந்ததுபோல், உடுத்த உடையோடு ஓடி மருந்து அட்டையை இழந்தாலும் கவலை வேண்டாம். நோயாளியின் பெயர் மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தின் பதிவேட்டில் இருக்கும். முகாமுக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

உதவிப்பணம் பற்றிப் பலர் அறியார். இந்திய அரசாங்கம் சிகிச்சைக் காலத்தில் நோயாளிக்கு மாதம் 500 ரூபா கொடுக்க 2018 இல் தொடங்கி, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. இங்கும் வறிய காசநோயாளர் குடும்பங்களுக்கென மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் கொடுப்பனவு ஒன்று உண்டு. கிளினிக் வைத்தியரின் சான்றையும் கிராம சேவகரின் சிபாரிசையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போக வேண்டும். கம்பளையினருக்கு அது உடபலாத்த பிரதேச செயலகம். மருந்து தொடங்கிய வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். அயலவருக்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சிப் பலர் கடைசிவரை அந்தப் படிவத்தைக் கேட்பதேயில்லை.