புல்லட்டின் சைலன்சருக்குள் என்ன இருக்கிறது?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்லும் சாலை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மதுரையையும் கொல்லத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையின் ஒரு துண்டு அது. மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாகத் தெரியும். ஒரு மாலை நேரத்தில் அந்தச் சாலையோரம் சற்றுத் தள்ளி நின்று, கண்களை மூடிக்கொள்ளுங்கள். எது பஸ், எது லாரி, எது ஆட்டோ, எது மொபெட் என்று காதாலேயே சொல்லிவிடுவீர்கள் அல்லவா?

இப்போது ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் வருகிறது. ‘டுப்... டுப்... டுப்...’ என்று நிதானமான ஓசை. சிறிது நேரத்தில் இன்னொரு புல்லட் வருகிறது. அதன் ஓசையோ ‘பட் பட் படார்’ என்று வேட்டுப் போட்டாற்போல் காதைத் துளைக்கிறது. தெருநாய்கள் குரைக்கின்றன, கைக்குழந்தை விழித்து அழுகிறது. இரண்டு வண்டிகளிலும் உள்ளது ஒரே வகை எஞ்சின்தான். முதல் வண்டியில் நல்ல சைலன்சர் இருக்கிறது. இரண்டாவது வண்டியில் சைலன்சரின் உள்ளே இருந்த சரக்கு போய்விட்டது. துருப்பிடித்து உதிர்ந்திருக்கலாம், வேண்டுமென்றே கழற்றியும் இருக்கலாம்.

அந்த ‘உள்ளே இருந்த சரக்கு’ என்ன? அது எப்படிச் சத்தத்தை அடக்குகிறது? பார்ப்போம்.

சத்தம் பிறக்கும் இடம்

சென்னை திருவொற்றியூரில் 1950-கள் முதல் பல்லாண்டுகள் தயாரான பழைய 350 புல்லட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரே ஒரு சிலிண்டர். அதன் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தூரம் 90 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 346 கன சென்டிமீட்டர் வரும்.

சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து எரிகின்றன. எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளி வேலை செய்கிறது. ஆனால் அதன் வலிமை முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை. வண்டி முழு வேகத்தில் இழுக்கும்போது, வெளியேற்று வால்வு திறக்கும் நேரத்திலும் உள்ளேயுள்ள வாயுவுக்கு வெளிக்காற்றைவிட மூன்று நான்கு மடங்கு அழுத்தம் இருக்கும். கதவு திறந்ததும் அந்தச் சூடான வாயு குழாய்க்குள் பாய்ந்து, முன்னால் உள்ள காற்றை இடிக்கிறது. அந்த இடிதான் நாம் கேட்கும் சத்தம்.

இது நான்கு வீச்சு எஞ்சின். அதாவது, அச்சு இரண்டு முறை சுற்றினால் ஒரு முறை வெடிப்பு. நிமிடத்துக்கு 900 சுற்றுகளில் எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் 450 வெடிப்புகள்; விநாடிக்கு ஏழு அல்லது எட்டு. அதனால்தான் ‘டுப்... டுப்...’ என்று தனித்தனியே எண்ண முடிகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் என்றால் விநாடிக்கு 25 வெடிப்புகள். அப்போது அவை ஒன்றோடொன்று கலந்து உறுமலாகிவிடுகின்றன.

பலூன் சொல்லும் பாடம்

இரண்டு பலூன்களை ஒரே அளவுக்கு ஊதிக்கொள்ளுங்கள். ஒன்றை ஊசியால் குத்துங்கள். ‘படார்!’ மற்றொன்றின் வாயை விரல்களால் சிறிதளவே தளர்த்துங்கள். ‘புஸ்ஸ்...’ இரண்டிலும் இருந்தது ஒரே அளவு காற்று. வெளியேறியதும் அதே காற்றுதான். வேறுபட்டது எது? நேரம்!

ஒரு நொடிக்குள் பாய்ந்தால் வெடி. நிதானமாக வந்தால் பெருமூச்சு. சைலன்சரின் இரகசியம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. சைலன்சர் என்பது வாயுவை அடைக்கும் மூடி அன்று. வாயுவுக்கு இடம் கொடுத்து, அதன் அவசரத்தைத் தணித்து அனுப்பும் வீடு அது.

மூன்று உபாயங்கள்

முதல் உபாயம் அறை. மெல்லிய குழாயில் பாய்ந்து வரும் வாயு திடீரென்று ஓர் அகலமான அறைக்குள் நுழைகிறது. விரிகிறது, அழுத்தம் குறைகிறது. அத்துடன் குழாய் அகலமாகும் இடத்திலும் மறுபடி குறுகும் இடத்திலும் ஒலி அலையின் ஒரு பகுதி திரும்பி எதிரொலிக்கிறது. இப்படித் திரும்பும் அலையின் முகடு, வரும் அலையின் அகட்டோடு மோதினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அறையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும்போது இந்த அழிவு மிக அதிகம். குழாயைவிட அறையின் விட்டம் மூன்று மடங்கு இருந்தால், அந்த அதிர்வெண்ணில் ஒலி ஆற்றலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் மறுபுறம் தப்பிச் செல்லும்.

சாதாரணக் காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்கிறது. ஆனால் 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது சுமார் 550 மீட்டர் செல்லும். விநாடிக்கு 250 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் அப்போது 2.2 மீட்டர், அதில் கால் பங்கு 55 சென்டிமீட்டர். இது சைலன்சருக்குள் அடங்கும். ஆனால் விநாடிக்கு 25 அதிர்வுள்ள ஒலிக்கு அலைநீளம் 22 மீட்டர். கால் பங்கு ஐந்தரை மீட்டர்! அவ்வளவு நீளமான சைலன்சரை எந்த மோட்டார் சைக்கிளில் மாட்டுவது? அதனால்தான் நல்ல சைலன்சர் மாட்டிய புல்லட்டிலும் அந்த அடிக்குரல் ‘டுப்’ மிஞ்சி நிற்கிறது. காதைக் கிழிக்கும் ‘பட்’ மட்டும் மறைகிறது.

ஒரே நீளமுள்ள அறை எல்லா ஒலிகளையும் அடக்காது. அறையின் நீளம் அலைநீளத்தில் பாதியாக இருந்தால் அந்த ஒலி தடையின்றிப் போய்விடும். ஆகவே தடுப்புத் தகடுகள் வைத்து, வெவ்வேறு நீளமுள்ள பல அறைகளாகப் பிரிக்கிறார்கள். ஓர் அறை விட்டதை மற்றோர் அறை பிடிக்கும்.

இரண்டாவது உபாயம் பஞ்சு. துளைகள் நிறைந்த குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சை அடைத்து வைப்பார்கள். ஒலி அலை துளைகள் வழியே பஞ்சுக்குள் நுழைந்து, இழைகளோடு உரசி உரசி வெப்பமாக மாறிவிடுகிறது. கீச்சென்ற உயர்ந்த ஒலிகளுக்கு இது நல்ல மருந்து. அடிக்குரலிடம் அவ்வளவாகப் பலிக்காது.

மூன்றாவது உபாயம் பக்க அறை. வெற்றுப் புட்டியின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரம் எழும் அல்லவா? ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த ஒத்ததிர்வு இது. குழாயின் பக்கவாட்டில் இத்தகைய ‘புட்டி’ ஒன்றை இணைத்தால், தனக்குரிய அதிர்வெண்ணை அது குழாயைக் கடக்க விடாமல் தடுத்துவிடும்.

காற்றால் குளிரும் எஞ்சின்

புல்லட் எஞ்சினைச் சுற்றி வரி வரியாகத் தகடுகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினின் சூட்டை அவை காற்றுக்குக் கொடுக்கின்றன. கார் எஞ்சினில் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இருப்பதால், உள்ளே எழும் தட்டல் ஓசையை அந்த நீர்ப்போர்வை ஓரளவு அமுக்குகிறது. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு அந்தப் போர்வை இல்லை. தகடுகள் மணி போல அதிரவும் செய்கின்றன. சில வண்டிகளில் தகடுகளுக்கு இடையே ரப்பர் துண்டுகள் செருகியிருப்பது இந்த அதிர்வைத் தணிக்கத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சத்தம் குறையட்டும் என்று சிலர் குழாயின் வாயைக் குறுக்கிவிடுவதுண்டு. இது தவறு. வெளியேற முடியாத சூடான வாயு சிலிண்டரிலேயே தங்கும். புதிய காற்றுக்கு இடம் குறையும். இழுவை குறைந்து எஞ்சின் கொதிக்கும். சூட்டைத் தணிக்க அதற்குத் தண்ணீர் இல்லை. எதிர்க்காற்று ஒன்றே துணை.

அமெரிக்காவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964-இல், வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பாகங்களைக் கொண்டு, கடற்கரை மணல்மேட்டில் ஓடும் ‘டியூன் பக்கி’ என்ற சிறு வண்டியை அமைத்தார். அதன் எஞ்சினும் காற்றால் குளிர்வதே. எஞ்சின் பின்புறம் திறந்து கிடக்கும்; குழாய் குட்டை; சைலன்சருக்கு இடமும் குறைவு. அத்தகைய வண்டியின் இரைச்சலைக் குறைப்பதற்கும் இதே விதிதான்: வழியை அடைக்காதே, இடத்தைப் பெருக்கு.

நோய் எங்கே என்று தேடுங்கள்

உங்கள் வீட்டு வண்டியின் சத்தம் திடீரென்று கூடிவிட்டதா? எஞ்சின் ஆறிய பிறகு மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, சிலிண்டர் தலையும் குழாயும் சேரும் இணைப்பு. அங்கே கரும்புகைக் கறை இருந்தால் வாயு கசிகிறது என்று பொருள். கேஸ்கெட்டை மாற்றி நட்டுகளை இறுக்கினால் போதும்.

இரண்டாவது, துருவால் விழுந்த ஓட்டை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடேறுவதில்லை. நீராவி உள்ளேயே குளிர்ந்து நீராகத் தங்கி, இரும்பைத் தின்றுவிடும்.

மூன்றாவது, உள் தகடுகள். சைலன்சரைத் தட்டினால் உள்ளே ‘கலகல’ என்று ஆடினால் தகடு உடைந்திருக்கும். இதைப் பட்டறையில் மெக்கானிக்கிடம் காட்டி மாற்றுவதே முறை. ஓடும் எஞ்சினின் சைலன்சரைத் தொடாதீர்கள். மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட்டவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

சத்தம் பலமா?

“சைலன்சரைக் கழற்றினால் வண்டிக்குப் பலம் கூடும்” என்று சில அண்ணன்மார் சொல்வார்கள். அந்தச் சத்தத்தில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று நாமே கணக்கிடுவோம்.

ஒரு மீட்டர் தூரத்தில் 110 டெசிபெல் சத்தம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு சதுர மீட்டர் பரப்பில் பாயும் ஒலி ஆற்றல் 0.1 வாட். ஒரு மீட்டர் ஆரமுள்ள கோளத்தின் பரப்பு ஏறத்தாழ 12.6 சதுர மீட்டர். பெருக்கினால் 1.26 வாட் வருகிறது. எஞ்சினின் 18 குதிரைத்திறனோ 13,000 வாட்டுக்கு மேல்! ஊரையே எழுப்பும் அந்த முழக்கத்தின் ஆற்றல், எஞ்சினின் ஆற்றலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். சத்தம் வேறு, பலம் வேறு. மேலும், கார்புரேட்டர் வண்டியில் சைலன்சரை எடுத்துவிட்டு வேறெதையும் சரிசெய்யாவிட்டால், பெட்ரோல் குறைந்த கலவை எரிந்து எஞ்சின் அதிகமாகச் சூடேறவும் கூடும்.

ஆனால் அந்த ஒரு வாட் நம் காதுக்கு மிகவும் அதிகம். உட்செவியில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. கடும் சத்தத்தால் இவை மடிந்தால் மறுபடி முளைப்பதில்லை. 85 டெசிபெல் சத்தத்தை நாளுக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது வல்லுநர்கள் வகுத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் இந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்குக் கால் மணி நேரம்தான்! அந்த வண்டியை ஓட்டுபவரின் காதுதான் முதலில் பலியாகிறது.

சரித்திரத்தில் இதற்கு ஒரு சான்று உண்டு. 1884-இல் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹிராம் மாக்சிம், தம் துப்பாக்கிகளின் சத்தத்தாலேயே செவிப்புலன் கெட்டுப்போனார். அவருடைய மகன் ஹிராம் பெர்சி மாக்சிம், 1909-இல் துப்பாக்கிக்கான சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார். அதே தத்துவத்தை மோட்டார் எஞ்சின் குழாய்களுக்கும் பயன்படுத்தினார்.

பிறர் காதும் காதுதான்

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் 6 டெசிபெல் குறைகிறது. நம் 110 டெசிபெல் வண்டி 128 மீட்டருக்கு அப்பாலும் 68 டெசிபெல்லாகக் கேட்கும். குடியிருப்புப் பகுதிகளுக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வகுத்த எல்லை பகலில் 55, இரவில் 45 டெசிபெல். மருத்துவமனை, பள்ளி போன்றவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரையிலான அமைதி மண்டலத்தில் பகலில் 50, இரவில் 40.

ராஜபாளையம் நூற்பாலைகள் நிறைந்த ஊர். இரவு ஷிப்டு முடித்தவர் பகலில்தான் கண்ணயர வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பை ஒட்டிய காடு, 1988 முதல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயம். 2021 முதல் அது புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதியும் ஆகும். ஆபத்து வந்தால் குரல் கொடுத்து ஒன்றையொன்று எச்சரிக்கும் பிராணிகள் அந்த அணில்கள். நம் இரைச்சலில் அந்தக் குரல் எப்படிக் கேட்கும்?

சட்டமும் சும்மா இருக்கவில்லை. வண்டிக்குச் சைலன்சர் வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. ஒலி வரம்பை மீறினால், 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை உங்கள் தெருவில் ஒரு புல்லட் நின்றால், அதன் துடிப்புகளைப் பத்து விநாடிகளுக்கு எண்ணிப் பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று தெரிந்துவிடும். ஏன் 12? மேலே படித்ததிலிருந்து நீங்களே கண்டுபிடியுங்கள். அந்த வண்டிக்காரர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்து, அது ‘பட் படார்’ வண்டியாகவும் இருந்தால், அந்த 1.26 வாட் கணக்கை அவரிடம் போட்டுக் காட்டுங்கள்.